ஸ்பானிஷ் பேப்பரில் ஐயாவின் படம்

தமிழ்ப் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்த ஒரு மரண அறிவித்தலை அத்தான் எனக்கு முன்னால் விரித்து வைத்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியில் மூன்று மாடி துடைத்துவிட்டு, மெட்ரோவில் நின்றபடியே வந்து, அக்காவின் கடையில் ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று அப்போதுதான் கதிரையில் இருந்தேன். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. கோப்பையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மறு கையால் அந்தத் தாளை வைத்தார். அரைப் பக்க அறிவித்தல். சுற்றிவரக் கறுப்புக் கரை. நடுவில் மாலை போட்ட ஒரு பெரியவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டாளம், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் இருக்கும் நாடு. அத்தான் தாளின் மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார். கடைக்கு ஸ்பானிஷ் பேப்பரில் ஒரு விளம்பரம் போடப் போகிறாராம்; இதைப்போல வடிவாக ஒன்றை நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இது செத்தவருக்குப் போட்டதல்லவா என்று கேட்டேன். அது தனக்கும் தெரியும், தான் கேட்பது அமைப்பை மட்டும்தான் என்றார்.

அத்தான் என்றால் என் மூத்த அக்காவின் கணவர். சுவிஸில், இந்த லோசானுக்கு எங்கள் குடும்பத்தில் முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான். நல்ல மனிதர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஆனால் அவரோடு ஒரு மணித்தியாலம் இருந்தால் யாருக்கும் தலையிடி வரும். எதைச் சொன்னாலும் "ஓம் ஓம்" என்பார். மறுத்துக் கதைக்கவே மாட்டார். பிறகு போய்த் தான் நினைத்ததை நினைத்தபடி செய்துவிட்டு வருவார். சண்டை பிடிக்கிற மனிசனோடு சண்டை பிடிக்கலாம். ஓம் ஓம் என்கிற மனிசனை என்ன செய்வது? அக்கா முப்பது வருடமாக இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.

கடைக்கு அத்தான் தன் ஐயாவின் பெயரைத்தான் வைத்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஐயா ஊரில் கண்மூடியபோது அத்தான் இங்கே அகதி அட்டையோடு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சுவிஸை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர முடியாது. ஊரிலும் அப்போது சண்டை; செய்தி வந்து சேரவே இரண்டு கிழமை எடுத்தது. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அயல் வீட்டுக்காரர் ஒருவர் வைத்தார். ஒரு பேப்பரிலும் அறிவித்தல் வரவில்லை. செய்தி கேட்ட அடுத்த நாள் அத்தான் வேலைக்குப் போனார், மற்றவர்களோடு நின்று கோப்பை கழுவினார். ஊரில் இருந்த வீடும் பிறகு தரைமட்டமாகிவிட்டது. ஆக, ஐயாவின் பெயர் இந்த உலகத்தில் எழுதியிருந்த ஒரே இடம் லோசானில் அந்தக் கடைக்கு மேலே இருந்த போர்டுதான். அத்தான் காலையில் கடையைத் திறக்கும்போது முதலில் அந்தப் போர்டைத் துணியால் துடைப்பார். மழை பெய்துகொண்டிருந்தாலும் துடைப்பார்.

அந்தப் போர்டு இறங்கிவிடும் நிலைமை அந்த வருடம் வந்தது. எங்கள் சனம் கார் வைத்திருக்கிற சனம். பெரிய தமிழ்க் கடைகளைத் தேடிச் சனிக்கிழமைகளில் பேர்ணுக்கும் சூரிச்சுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். கடையின் வாடகை ஒப்பந்தம் வசந்தத்தில் முடிகிறது, வியாபாரம் இப்படியே கிடந்தால் புதுப்பிக்க விடமாட்டேன் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு வழி கண் முன்னால் இருந்தது. எங்கள் சனம் கைவிட்ட கடைக்குள் தினமும் நாலைந்து ஸ்பானிஷ் பேசும் பெண்கள் வந்தார்கள். எக்குவடோர், கொலம்பியா, டொமினிக்கன் குடியரசு. வாழைக்காயைக் கண்டதும் அவர்களுக்கு முகம் மலரும். மரவள்ளிக்கிழங்கைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள், எங்கள் அம்மா பார்ப்பது போலவே. கொத்தமல்லி இலை, தேங்காய், பச்சை மாங்காய் எல்லாம் அவர்களுக்கும் வேண்டும். லோசானில் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எங்கள் கடை இருப்பது அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரியப்படுத்தினால் போதும். இந்த யோசனையைச் சொன்னது நான்தான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நான் பிரெஞ்சுக்கு முன்னால் ஸ்பானிஷ் படித்தவள். படித்தவள் என்ன, வேலையில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என்னோடு துடைத்தவர்கள் எல்லாரும் அந்தப் பாஷைக்காரிகள். மேற்பார்வையாளர் அம்மா ஸ்பெயின்காரி; வாளி, துணி, மருந்து, கெதியாய் வா, இதைத் தொடாதே எல்லாவற்றையும் அவர் எனக்கு ஸ்பானிஷில்தான் சொல்லித் தந்தார். இரண்டு வருடம் அதுதான் பிரெஞ்சு என்று நினைத்துக் கடைகளில் கதைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அந்த ஸ்பானிஷ் ஒரு மாதப் பத்திரிகையை வாசிக்கப் போதும். இலவசப் பத்திரிகை அது; முடிவெட்டும் கடைகளிலும் ஸ்பானிஷ் பூசை நடக்கும் வேதக்கோயில் வாசலிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பின்பக்கங்கள் முழுக்க விளம்பரம்.

நான் எழுதிக் கொடுத்தது நாலு வரி. என்ன சாமான் இருக்கிறது, கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும், வாருங்கள். அவ்வளவுதான். அதை அத்தான் வாசிக்கக் கேட்டுவிட்டு, சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்கிற முகத்தோடு இருந்தார். ஐயாவின் படம் எங்கே? படம் இல்லாத விளம்பரத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? உறவுகளின் பெயர்கள் எங்கே? கனடாவில் இருக்கும் தம்பியின் பெயரைப் போடாவிட்டால் அவன் வாழ்நாள் முழுக்கக் கதைப்பானே? வாழைக்காய் வாங்குகிற எக்குவடோர்காரிக்கு உங்கள் தம்பி கனடாவில் இருந்தால் என்ன, ஊரில் கச்சேரியடியில் இருந்தால் என்ன என்று கேட்டேன். சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனது. ஆனால் ஆறிப்போய் யோசித்தால் அவரில் மட்டும் பிழை சொல்ல முடியாது. வெளிநாட்டுக்கு வந்த எங்கள் பத்திரிகைகளில் எது பெரிதாக வருகிறது, எது வர்ணத்தில் வருகிறது, எதற்கு ஆட்கள் பார்த்துப் பார்த்து வசனம் எழுதுகிறார்கள்? செத்தவர்களுக்குத்தான். உயிரோடிருக்கிற நகைக் கடைக்காரன் கால் பக்கம் போட்டால், எட்டாவது ஆண்டு நினைவஞ்சலிக்கு முழுப் பக்கம் போடுகிறோம். விளம்பரம் என்றால் அத்தானின் கண்ணில் நின்றது அதுதான். அன்றைக்கு இதை யோசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. நாலு வரிக்கு மேல் ஒரு எழுத்தும் போகக்கூடாது என்றேன். ஓம் ஓம் என்றார்.

அந்த ஓம் ஓமை நான் நம்பினேன் பாருங்கள், அதுதான் என் மடத்தனம். அடுத்த நாளே அத்தான் என் நாலு வரித் தாளையும், ஐயாவின் மாலை போட்ட படத்தையும், அந்தக் கிழிந்த மரண அறிவித்தலையும், தன் கையால் எழுதிய உறவுப் பெயர்ப் பட்டியலையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கே போய்விட்டார். ஆசிரியர் பெரு நாட்டுக்காரர், மிகவும் பண்பான மனிதர். அத்தானின் பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் சந்தித்துக்கொண்டதில் என்ன பரிமாறப்பட்டதோ தெரியாது. ஆனால் நீங்களே அவருடைய கதிரையில் இருந்து பாருங்கள். முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மனிதன். மாலை போட்ட தகப்பனின் படம். கறுப்புக் கரை போட்ட மாதிரித் தாள். பிள்ளைகள், மருமக்கள் பெயர்கள். ஒரு முகவரி, நேரம், வாருங்கள் என்று ஒரு அழைப்பு. வரப்போவதோ நவம்பர் மாத இதழ், அவர்கள் செத்தவர்களை நினைக்கிற மாதம். அந்த மனிதர் எழுந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாராம். பார், எவ்வளவு மரியாதையாக நடத்துகிறார்கள் என்று வீட்டில் வந்து பெருமையடித்தார்.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை வேலையில் மேற்பார்வையாளர் அம்மா என் தோளில் கை வைத்து, நாளைக்கு வர வேண்டாம், வீட்டாரோடு நில் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடைத்த லீவை ஏன் விசாரிப்பான் என்று பேசாமல் வந்துவிட்டேன். சனிக்கிழமை பின்னேரம் கடையில் அக்காவுக்கு உதவியாக நின்றேன். மூன்று மணிக்கு, எங்களிடம் வழக்கமாக வாங்குகிற எக்குவடோர்ப் பெண்மணி கறுப்பு உடுப்போடு, கையில் மெழுகுதிரியோடு உள்ளே வந்தார். அக்காவைக் கட்டிப்பிடித்தார். பின்னால் இன்னும் மூன்று பேர். அதற்குப் பின்னால் நான் முன்பின் அறியாத ஒரு குடும்பம், ஒரு பாத்திரம் நிறைய ஊதா நிறத்தில் தடித்த பானமும் குழந்தை உருவத்தில் சுட்ட பாணும் கொண்டு வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் என் மேற்பார்வையாளர் அம்மாவும் வந்து நின்றபோதுதான் அவர் கையில் இருந்த பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கம். கறுப்புக் கரை. ஐயா. கீழே பட்டியலில், முறைக்கு லோசான் மருமகள் என்று அக்காவோடு சேர்த்து என் பெயரும். அதற்கும் கீழே, "அவர் விரும்பி உண்டவை" என்ற தலைப்பில் வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, தேங்காய், கொத்தமல்லி. அவர்கள் ஊர்களில் அந்த நாட்களில் செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைப்பார்களாம். ஆசிரியர் என் சாமான் பட்டியலுக்கு வேறு என்ன அர்த்தம் கற்பிப்பது?

கடை கொள்ளாத சனம். கடை திறந்த நாளுக்குப் பிறகு நான் அப்படி ஒரு கூட்டத்தை அங்கே கண்டதில்லை. காசு மேசைக்கு மேலே மாட்டியிருந்த ஐயாவின் படத்துக்கு முன்னால், அப்பளப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஸ்பானிஷில் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அரிசி மூட்டையில் மெழுகுதிரி. அக்கா நெருப்புப் பிடித்துவிடுமோ என்று தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். அப்போதுதான் அத்தான் களஞ்சிய அறையிலிருந்து ஒரு பெட்டி வாழைக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். எனக்குக் கோபம்தான், ஆனால் மூளை வேலை செய்தது. வந்திருப்பவர்கள் நாங்கள் தேடிய அதே சனம். அறுபது பேருக்குக் குறையாது.

"அத்தான், நான் ரெண்டு வசனம் சொன்னாப் போதும். பிழை நடந்துபோச்செண்டு சிரிச்சுப்போட்டு எல்லாரும் சாமான் வாங்கிக்கொண்டு போவினம். கடை தப்பீடும்."

"செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு என்னை வாழைக்காய் விக்கச் சொல்லுறியோ, மச்சாள்?"

"ஐயாவின்ர செத்தவீடு முடிஞ்சு இருபது வருசம் அத்தான்."

"ஆர் முடிச்சது? நான் அங்க நிண்டனானோ?"

இதைச் சொல்லும்போது அவர் சத்தம் போடவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். ஒரு வயதான மனிதர் அவர் கன்னத்தைத் தடவினார். அத்தான் முதலில் தலையாட்டிக்கொண்டு நின்றார். நாலாவது ஆளோ ஐந்தாவது ஆளோ பிடித்தபோது ஓவென்று அழத் தொடங்கினார். அவர் அழுது நான் கண்டதே இல்லை. அந்த இரண்டு வசனத்தை நான் அவரைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம். அந்தப் பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் செய்யாமல், அக்காவின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு மெழுகுதிரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்குக் கடையைத் தொலைத்ததில் எனக்கும் பங்கிருக்கிறது என்று இப்போதும் சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் விசராக்கியது. வந்த எல்லாருக்கும் அத்தான் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். போகும்போது ஒவ்வொருவர் கையிலும் வாழைக்காய், மரவள்ளி, தேங்காய். காசு நீட்டியவர்களின் கையை மடக்கித் திருப்பி விட்டார். "ஐயாவுக்கு மரவள்ளி விருப்பம்தான்" என்று என்னிடம் ஒரு விளக்கம் வேறு. சரி, அன்றைக்கு ஒரு நாள் என்று பார்த்தால், அந்திரட்டிக் கிரியை முடியும்வரை அவர்களிடம் காசு வாங்கக்கூடாது என்றார். எங்கள் வழக்கத்தில் அது முப்பத்தோராம் நாள். இருபது வருடத்துக்கு முந்திய சாவுக்கு இப்போது முப்பத்தொரு நாள் எண்ணுகிறார் மனிசன்! அவர்கள் நாலு சாமானை எடுத்துக்கொண்டு காசு மேசைக்கு வந்தால் அத்தான் கும்பிட்டு அனுப்பி வைப்பார். அக்கா அவரோடு கதைப்பதை விட்டுவிட்டாள். முப்பத்தோராம் நாள் வேலை நாளில் வந்ததால் அதை அடுத்த ஞாயிறு வைத்தார். சாமான் அடுக்கும் ராக்கைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, ஐயாவுக்குப் படைத்து, ஏழு கறியும் வடையும் பாயாசமுமாக எல்லாரையும் இருத்திச் சாப்பாடு போட்டார். வடையைக் கண்டு அவர்களும் தங்கள் ஊரில் இப்படி ஒன்று உண்டென்றார்கள். சந்தோசமாகத்தான் இருந்தது. எனக்கும் சந்தோசமாக இருந்தது என்பதுதான் எரிச்சல்.

அடுத்த கிழமையிலிருந்து காசு வாங்கத் தயார் என்று அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றார். ஒருவரும் வரவில்லை. நான் வேலையில் மேற்பார்வையாளர் அம்மாவிடம் விசாரித்தேன். எப்படி வருவது, அந்த நல்ல மனிதர் எங்களிடம் காசு வாங்க மாட்டாரே, ஒரு மாதமாகச் சும்மா வாங்கியதே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார். எல்லாரும் இரண்டு தெரு தள்ளியிருந்த போர்த்துக்கல்காரனின் கடையில் வாங்கினார்கள், மரியாதைக்காக. இப்போது வாங்குவார், வாருங்கள் என்று நான் நடந்து நடந்து சொன்னேன். சொன்னவளையும் நம்பவில்லை, உபசாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். அவர்களும் மானமுள்ள சனம், எங்களைப் போல. ஆசிரியர் இன்னொரு விளம்பரத்தை இலவசமாகப் போடுகிறேன் என்றார். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐயாவின் அறிவித்தலுக்கு மேலே வியாபாரம் எழுதினால் நன்றாக இருக்காதாம்.

வசந்தத்தில் கடையை மூடினோம். போர்டைக் கழற்ற வந்தவர்களை அத்தான் தொட விடவில்லை, தானே ஏணியில் ஏறினார். அது இப்போது அக்கா வீட்டுக் கீழறையில் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறது. அந்தக் கடையில் இன்றைக்கு நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். நான் இப்போது மாறியிருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அத்தானும் என்னோடு வேலை செய்கிறார். அங்கே உள்ள சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் ஓம் ஓம் என்கிறார், அந்த ஆளுக்கும் தலையிடி. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், ஐயாவின் பேர் இருந்த ஒரே இடத்தையும் இல்லாமல் ஆக்கிப்போட்டீர்களே என்று நான் கேட்டேவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவர் கரண்டியை வைத்தார். பிறகு, ஸ்பானிஷ் வேதக்கோயிலுக்கு ஒருக்கால் வந்து பார் என்று மட்டும் சொன்னார்.

போன நவம்பரில் போனேன். வருடத்தில் ஒரு ஞாயிறு அங்கே பூசைக்கு நடுவில் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். முதல் கிழமையே வாசலில் ஒரு கொப்பி வைப்பார்கள், விரும்பியவர்கள் தங்கள் ஆட்களின் பெயரை எழுதலாம். கடை மூடிய அந்த வருடத்திலிருந்து எக்குவடோர்ப் பெண்மணி யாரும் கேட்காமலே அதில் ஐயாவின் பெயரையும் எழுதி வருகிறாராம். அத்தானுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அவர் ஒரு வருடமும் தவறவிடவில்லை. எங்களுக்கு அந்த மதம் இல்லை, நான் எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். பாதிரியார் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். எல்லாரும் இருந்தபடி தலையைக் குனிந்து கேட்டார்கள். நீண்ட பட்டியல். மரியாக்கள், ஹோசேக்கள். அதற்கு நடுவில், யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கேயே செத்த ஒரு சைவக்கார மனிதரின் பெயர் ஒலிவாங்கியில் முழுசாக வந்தது.

அத்தான் எழும்பி நின்றார். யாரும் எழும்பாத இடத்தில், இரண்டாவது வாங்கில், தனியாக. இருங்கோ அத்தான், இருங்கோ என்று நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஆள் அசையவில்லை. முன்னால் இருந்த எக்குவடோர்ப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். எங்கள் வழக்கம் அப்படியாக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் எழும்பினார். அவருடைய மகள் எழும்பினாள். மற்றப் பக்கத்தில் என் பழைய மேற்பார்வையாளர் அம்மா, முழங்கால் வருத்தக்காரி, வாங்கைப் பிடித்துப் பிடித்து எழும்பினார். பிறகு பின்வரிசைகள். பாதிரியார் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்து நின்றார். அவ்வளவு சனமும் நிற்க நான் ஒருத்தி மட்டும் கோட்டு நுனியைப் பிடித்தபடி வாங்கில் இருந்தேன். அதை விட்டுவிட்டு நானும் எழும்பினேன்.